ஏரி வண்டல் மண்ணை வயலுக்கு எடுக்க அனுமதி பெறுவது எப்படி? கடலூர் மாவட்டத்தில் புதிதாக வேளாண்மைக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஏரியில் படிந்த வண்டலை விவசாயி தன் நிலத்திற்கு எடுத்துச் செல்ல அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அனுமதித் தாள் கைக்கு வருவதற்குள் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடக்கூடும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அப்பா விட்டுச் சென்ற இரண்டு ஏக்கர் செம்மண் நிலத்திற்காக நான் முதன்முதலில் அலைந்தபோது, மே மாத நடுவில் விண்ணப்பித்து, ஆவணங்கள் பொருந்தவில்லை என்று இருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, அந்தக் கோடையையே இழந்தேன். பட்டா மாறுதலை முடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு தை மாதத்திலேயே மற்றக் காகித வேலையைத் தொடங்கியதால் சித்திரையில் மண் வயலுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு முறையும் விதிகள் ஒன்றே; தொடங்கிய மாதமும் கையில் இருந்த தாள்களும்தான் வேறு.

கீழே சொல்பவை தமிழ்நாட்டுக்கு உரியவை. 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி இந்த அனுமதி தரப்படுகிறது. 2024 ஆம் ஆண்டு முதல் அதனை மாவட்ட ஆட்சியருக்குப் பதிலாக அந்தந்த வட்டாட்சியரே வழங்குகிறார். புதுச்சேரிக்கு இவ்விதிகள் பொருந்தா. பாகூரை ஒட்டிய கடலூர் வட்டக் கிராமங்களில் நிலம் வைத்திருப்போர், எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரி எவ்வளவு அருகில் இருந்தாலும், இந்த அனுமதியைக் கொண்டு அங்கே மண்வெட்டி வைக்க முடியாது.

1. உங்கள் நிலத்திற்கு வண்டல் தேவைதானா என்று பாருங்கள்

பக்கத்து வயல்காரர் அடிக்கிறார் என்பதற்காக நாமும் அடிக்க வேண்டியதில்லை. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் தண்ணீர் நிற்பதில்லை, இட்ட உரமும் தங்குவதில்லை. களித்தன்மை மிகுந்த ஏரி வண்டல் அங்கே உண்மையாகவே பயன்படும். மாறாக, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துக் கனத்த களிமண் வயலில் மேலும் களியைக் கொட்டினால் வடிகால் கெட்டு, நெல் அறுவடைக்குப் பின் போடும் உளுந்துதான் முதலில் அடிபடும். அங்கே வண்டலுக்குச் செலவிடும் பணத்தைப் பசுந்தாள் உரத்துக்குச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

ஆகவே நிலத்து மண்ணையும் ஏரி மண்ணையும் தனித்தனிப் பைகளில் எடுத்து, கடலூரில் உள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மாதிரி எடுக்கும் முறை தெரியாவிட்டால் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன், ஏரி மண்ணில் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் (dS/m) என்ற அளவுக்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிய கவலை இல்லை. கடற்கரையை ஒட்டிய கிராமங்களில் உள்ளவர்கள் இந்தச் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. உவர் ஏறிய மண்ணை ஒருமுறை வயலில் பரப்பிவிட்டால் அதை மறுபடி அள்ளி எடுக்க வழியில்லை.

2. எவ்வளவு மண் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்

நன்செய் நிலமாயின் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் நிலமாயின் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பதே வரையறை. ஹெக்டேர் கணக்கில் இவை முறையே 185, 222 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பரில் ஏறத்தாழ 3 கன மீட்டர் மண் பிடிக்கும் என்று கொண்டால் ஏக்கருக்கு நன்செய்க்கு 25 நடை, புன்செய்க்கு 30 நடை. ஏக்கர் முழுவதும் 75 கன மீட்டரைச் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான கனமே வரும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும், மேல்மண்ணோடு கலந்து உழுவதற்கு ஒரு பருவத்துக்கு இது போதுமானது.

இதில் இரண்டு குழிகள் உள்ளன. முதலாவது, லாரிக்காரர்கள் கன மீட்டரில் பேசுவதில்லை; யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உங்கள் ஆணையில் 150 கன மீட்டர் என்று இருந்தால் அது 53 யூனிட்தான். ‘150 யூனிட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டேன்’ என்று சொல்லி வண்டியைப் பேசிவிட்டால் அனுமதியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு மண் ஏற்றிய குற்றம் உங்கள் தலையில் விழும். இரண்டாவது, நன்செய் புன்செய் என்பது வருவாய்க் கணக்கில் உள்ளபடிதான் பார்க்கப்படும். நீங்கள் இப்போது என்ன பயிரிடுகிறீர்கள் என்பது கணக்கில் வராது. எங்கள் நிலத்தில் பல ஆண்டுகளாக மானாவாரி மல்லாட்டைதான் (நிலக்கடலை) போட்டுவந்தோம். அதனால் புன்செய் என்று எண்ணி 180 கன மீட்டர் கேட்டேன். பட்டாவில் அது நன்செய். கிடைத்தது 150.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்றே இருக்கும். ஊரில் காணி, குழி என்று சொல்லும் கணக்கை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். 0.81.0 என்று இருந்தால் அது ஏறத்தாழ இரண்டு ஏக்கர்.

3. ஏரி பட்டியலில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள்

எந்த ஏரியில் வேண்டுமானாலும் எடுக்க முடியாது. வண்டல் எடுக்கத் தகுதியானவை என்று கண்டறியப்பட்ட ஏரி, குளம், கண்மாய்களின் பட்டியலை மாவட்ட ஆட்சியர் மாவட்ட அரசிதழில் வெளியிடுகிறார். அந்தப் பட்டியலில் உள்ள நீர்நிலையில், அதற்கென்று குறித்த அளவுக்குள் மட்டுமே அனுமதி கிடைக்கும். உங்கள் நிலமோ வசிப்பிடமோ அந்த நீர்நிலை இருக்கும் வட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் பத்து வட்டங்கள் உள்ளன. வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம், புவனகிரி போன்றவை பின்னர் பிரிக்கப்பட்டவை என்பதால், பழைய ஆவணங்களில் இருக்கும் வட்டத்தின் பெயரை நம்பி ஏரியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் நேரும்.

ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். வீராணம் போன்ற பெரிய ஏரியை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. மேட்டூரில் திறக்கும் நீர் கீழணை வந்து வடவாறு வழியாக அங்கே சேர்வதால், மழையை மட்டும் நம்பிய ஏரிகளைப் போல அது வற்றிக் கிடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வற்றும் ஆண்டிலும் இடைவெளி மிகச் சில வாரங்களே.

அலுவலகத்திற்குப் போகுமுன் ஏரி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரையும், மீன் குத்தகை எடுத்திருப்பவரையும் பார்த்துவிடுங்கள். ஏரியின் ஒரு மூலையில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றாலும் அதில் மீன் கிடக்கும்; குத்தகைக்காரர் வண்டியை மறிப்பார், அவர் பக்கத்தில் நியாயமும் இருக்கும். நான் இவரிடம் முன்னரே பேசியதால்தான் எந்த நாளில் மீன்பிடிப்பு முடியும் என்று தெரிந்து இயந்திரத்திற்கு நாள் குறிக்க முடிந்தது.

4. ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

நேரத்தை விழுங்குவது இந்தப் படிதான். தேவைப்படும் தாள்கள் என்று பார்த்தால் சிலவே: ஆதார் அட்டை, பட்டா அல்லது சிட்டா, நடப்புப் பசலி ஆண்டின் (வருவாய்க் கணக்கு ஆண்டு) அடங்கல் எனும் பயிர்க் கணக்கு, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடம், புகைப்படம், கைபேசி எண். பட்டா, சிட்டாவையும் புலப்பட வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஜூன் 30 அன்று முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434 ஆம் பசலி. அதை வைத்து உங்களுக்கு வேண்டியதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நான் முதல்முறை கொடுத்தது முந்தைய பசலியின் அடங்கல். விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு அது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் பெயர். பட்டா அப்பாவின் பெயரில், அவரோடு பெரியப்பா மகன் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தது. இறந்தவர் பெயரில் பட்டா இருக்கும்போது நீங்கள்தான் உழுகிறீர்கள் என்பதை ஊர் அறிந்தாலும் கணக்கு அறியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். பாகம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். விண்ணப்பம் திரும்பியதும் தொடங்கிய எனக்கு இவற்றுக்கு ஆறு மாதத்திற்கு மேல் ஆயிற்று. உங்கள் நிலமும் இந்த நிலையில் இருந்தால் வண்டலை இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பட்டா மாறுதலை இன்றே தொடங்குங்கள். கூட்டுப் பட்டாவில் மற்றவர்களும் உயிரோடு ஊரில் இருந்தால், அவர்களின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. அதே பட்டாவைக் காட்டி அண்ணன் ஏற்கெனவே மண் எடுத்துவிட்டிருந்தால் தம்பிக்கு மிச்சம் இருக்காது என்பதையும் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் தலைப்பெழுத்து உட்பட ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘வேலு’ என்று ஒன்றிலும் ‘வடிவேலு’ என்று இன்னொன்றிலும் இருப்பது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். அதுவே பத்து நாள் தாமதத்திற்குப் போதுமான காரணம். குத்தகைக்குப் பயிரிடுவோர் வாய்ப்பேச்சுக் குத்தகையை வைத்துக்கொண்டு தாமே விண்ணப்பிப்பதைவிட, பட்டாதாரரைக் கொண்டே விண்ணப்பிக்கச் செய்வது சிக்கலற்ற வழி.

5. விண்ணப்பியுங்கள்

விண்ணப்பம் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளம் வழியாகச் செல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், இ-சேவை மையத்திற்கும் போகலாம். முதன்முறை செல்வோருக்கு ஆதாரை வைத்து ஒரு குடிமக்கள் கணக்கு எண்ணை உருவாக்குவார்கள். அதற்குக் கைபேசியில் வரும் கடவு எண் தேவை என்பதால், பதிவு செய்த கைபேசியை வீட்டில் மகளிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மையத்தில் செலுத்த வேண்டிய சேவைக் கட்டணம் அங்கேயே பலகையில் எழுதியிருக்கும். அதற்கு ரசீது வாங்குங்கள். மண்ணுக்கென்று அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை எதுவும் இல்லை.

புல எண், உட்பிரிவு, ஏரியின் பெயர், ஏரி அமைந்த கிராமம் ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரே வட்டத்தில் ‘பெரிய ஏரி’ என்றும் ‘சித்தேரி’ என்றும் பெயர் கொண்ட நீர்நிலைகள் பல இருக்கும். அரசிதழ்ப் பட்டியலில் உள்ளபடியே பெயரையும் புல எண்ணையும் எழுதினால்தான் சரியான ஏரிக்கு அனுமதி வரும். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆய்வுக்குத் தயாராக இருங்கள்

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் செல்கிறது. இணையத்தில் போட்டாயிற்றே என்று வீட்டில் இருந்துவிடாமல், ஒப்புகை எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் சென்று பாருங்கள். அவர் பொறுப்பில் இரண்டு மூன்று கிராமங்கள் இருக்கலாம், எந்த நாளில் உங்கள் ஊருக்கு வருவார் என்பதைக் கேட்டு நிலத்தில் நீங்களே இருங்கள். ஆவணங்கள் சரியாக இருந்த இரண்டாவது ஆண்டில் எனக்கு ஆணை வர மூன்று வாரங்கள் ஆயின. தாமதம் நீண்டால் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் சொல்லலாம். கோபத்தோடு போவதைவிட ஒப்புகைச் சீட்டின் நகலோடு போவது பலன் தரும்.

மாதங்களை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் ஆவணங்கள், மாசியில் மண் பரிசோதனையும் ஏரி விசாரணையும், ஏரி வற்றத் தொடங்கும் பங்குனியில் விண்ணப்பம், சித்திரையில் மண் வெட்டுதல், வைகாசியில் பரப்பி உழுதல். அப்போதுதான் ஆடிப்பட்டத்திற்கு நிலம் தயாராகும்.

7. இயந்திரத்தையும் வண்டியையும் பேசுங்கள்

மண் இலவசம் என்றாலும் வயலுக்கு வந்து சேர்வது இலவசம் அல்ல. இரண்டு ஏக்கருக்கு, ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு, எனக்கு ஆன செலவு இது: ஜேசிபி ஆறு மணி நேரம், மணிக்கு 1,300 ரூபாய் வீதம் 7,800 ரூபாய், டிராக்டர் 50 நடை, நடைக்கு 400 ரூபாய் வீதம் 20,000 ரூபாய், வயலில் மண்ணைத் தள்ளிச் சமப்படுத்த நான்கு மணி நேரத்திற்கு 4,000 ரூபாய், நகல், போக்குவரத்து, பரிசோதனை எல்லாம் சேர்த்து 600 ரூபாய். மொத்தம் 32,400 ரூபாய். தொலைவு கூடக்கூட நடைக்கூலிதான் ஏறும். எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஏரியிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. வேளாண் பொறியியல் துறையும் இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது, இ-வாடகைச் செயலியில் பதிவு செய்யலாம். கோடையில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால் அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

இங்கேதான் பெரிய பொறி காத்திருக்கிறது. ‘பட்டாவை மட்டும் கொடுங்கள் அண்ணே, அனுமதி வாங்குவது முதல் மண் கொட்டுவது வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்குப் பத்து நடை சும்மா தருகிறோம்’ என்று ஒருவர் வருவார். என்னிடமும் வந்தார். மீதி நாற்பது நடை செங்கல் சூளைக்கோ மனைப் பிரிவுக்கோ போகும். வண்டி பிடிபட்டால் ஆணையில் இருப்பது உங்கள் பெயர். அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ கனிமம் ஏற்றிச் செல்லும் வண்டியைப் பறிமுதல் செய்யவும் வழக்குத் தொடரவும் 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் இடமுண்டு. வண்டல் இலவசமாக இருப்பது நம் வயலுக்காக. அதை விற்கவோ வேறு பயனுக்குத் திருப்பவோ உரிமை கிடையாது. ஒரு கிராமத்தில் இப்படி இரண்டு பேர் செய்தால், அடுத்த கோடையில் உண்மையான விவசாயிக்கும் ஏரியைத் திறந்துவிட அதிகாரிகள் தயங்குவார்கள்.

8. வெட்டும் நாளில் நீங்களே ஏரியில் நில்லுங்கள்

அனுமதி ஆணையின் நகல் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். ஆணையில் குறித்த தேதிகளுக்குள், பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை நடக்கட்டும். நடைகளை ஒரு நோட்டில் நேரத்தோடும் வண்டி எண்ணோடும் எழுதுங்கள். கேள்வி எழும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

வெட்டுகிற இடத்தையும் ஆழத்தையும் ஓட்டுநரிடம் விட்டுவிடக் கூடாது. வேலை சீக்கிரம் முடியும் என்பதால் ஒரே இடத்தில் கிணறு போல ஆழமாகத் தோண்டவே அவர் விரும்புவார். அப்படித் தோண்டிய பள்ளம் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதில் நிற்கும் தண்ணீர் ஆயக்கட்டுக்குப் பாயாது. களிப்படுகையைத் தாண்டி மணல் தட்டும்வரை போனால் ஏரித் தண்ணீர் அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். கோடையில் குளிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அதுவே உயிர் ஆபத்து. மேலே படிந்த வண்டலை மட்டும் பரவலாக, மட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல் ஆகியவற்றுக்கு அருகே இயந்திரம் போகவே கூடாது. எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்பதை ஏரியைக் கவனிக்கும் உதவிப் பொறியாளரிடமோ ஒன்றியப் பணி மேற்பார்வையாளரிடமோ கேட்டு, முடிந்தால் முளை அடித்துத் தரச் சொல்லுங்கள். சில ஏரிகளின் உட்பகுதியில் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை வளர்த்த கருவேல மரங்கள் நிற்கும். வண்டி திரும்ப வழி வேண்டும் என்று அதில் ஒன்றைச் சாய்த்தாலும் வேறு ஒரு துறைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எந்த மண் எடுக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. கோரை அடர்ந்த இடத்திலிருந்து எடுத்தால் கோரைக்கிழங்கும், நெய்வேலிக் காட்டாமணக்கு நிற்கும் ஓரத்திலிருந்து எடுத்தால் அதன் தண்டுகளும் வயலுக்கு வந்து முளைக்கும். ஐந்தாறு நடைகளில் நான் செய்த இந்தத் தவறுக்கு இன்றுவரை களையெடுப்புக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

9. வயலில் பரப்புங்கள்

மண்ணைக் குவியலாகவே விட்டுவிட்டால் வெயிலில் கல்லாக இறுகிவிடும். கொட்டிய ஓரிரு நாளில் பரப்பிவிடுங்கள். கட்டிகளை உடைக்க முயன்று டிராக்டர் டீசலை வீணாக்காமல் ஒரு கோடை மழைக்குக் காத்திருங்கள். காய்ந்த வண்டல் கட்டி மழையில் நனைந்ததும் தானே பொரிந்து உதிரும். அதன் பிறகு மண் கையில் ஒட்டாத பதத்தில் குறுக்கும் நெடுக்குமாக உழுது மேல்மண்ணோடு கலக்க வேண்டும். வண்டல் இட்ட முதல் ஆண்டில் தொழு உரத்தையும் சேர்த்து இடுங்கள். வண்டல் மட்டுமே எருவாகிவிடாது. வேலை முடிந்ததும் அனுமதி ஆணையையும் நடை நோட்டையும் பட்டா நகலோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது எந்த ஆண்டில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்பார்கள்.